பட்டாளத்தான் பதில்கள்: லங்கர்காரனுக்கும் துப்பாக்கி உண்டு

(ராணுவ வண்டிகளையும் கருவிகளையும் பழுதுபார்க்கும் ஈ.எம்.ஈ. படைப்பிரிவில் வண்டி மெக்கானிக்காகச் சேர்ந்து, 28 ஆண்டுகள் கழித்து சுபேதாராக ஓய்வுபெற்றவர் பதில் சொல்கிறார். இந்த முறை வந்த கேள்விகள் எல்லாமே கிளார்க், மெக்கானிக், டிரைவர், குக் போன்ற ‘டிரேடு’ ஆட்களின் பயிற்சியையும் படியையும் பற்றியவை.)

“என் மகன் அக்னிவீர் (நான்கு ஆண்டு சேவை) கிளார்க்காகச் சேர்ந்திருக்கிறான். கம்ப்யூட்டர் முன்னால் உட்காரும் வேலை என்று நிம்மதியாக அனுப்பினேன். போன வாரம் போனில், ‘துப்பாக்கியோட அஞ்சு கிலோமீட்டர் ஓட விடறாங்கம்மா’ என்று அழாத குறையாகச் சொல்கிறான். ஆபீஸ் வேலைக்கு இது எதற்கு?”
– ஒரு தாய், விருதுநகர்

அம்மா, உங்கள் பையன் சேர்ந்தது பட்டாளத்தில். ஆபீஸ் என்பது பட்டாளம் அவனுக்குக் கொடுத்திருக்கும் வேலை. அந்த வேலை நாளைக்கு மாறலாம், யூனிட் மாறலாம், பட்டாளம் மாறாது.

அவன் சொன்ன ஓட்டம் பி.பி.ஈ.டி. என்ற போர்க்கள உடல்தகுதித் தேர்வில் வருவது. பூட்ஸ், முதுகில் சாமான், கையில் ரைபிள், அப்படியே 5 கிலோமீட்டர். 30 வயதுக்குள் இருப்பவன் 28 நிமிடத்துக்குள் வந்து சேர்ந்தால்தான் பாஸ். அதோடு 60 மீட்டர் விரைவோட்டம், கயிறு ஏறுவது, கயிற்றில் தொங்கிக்கொண்டே போவது, 9 அடிப் பள்ளம் தாண்டுவது எல்லாம் உண்டு. பயிற்சியோடு முடிந்துபோகும் என்று நினைத்துவிடாதீர்கள். சர்வீஸ் முழுக்கத் துரத்தும். வயது கூடக்கூட நிமிடக் கணக்கில் கொஞ்சம் சலுகை தருவார்கள், அவ்வளவுதான். சுபேதாராகி, தொப்பை பெல்ட்டுக்கு மேல் எட்டிப் பார்த்த பிறகும் நான் ஓடினேன். பின்னால் ஓடிவந்த பொடியன்கள் சிரித்ததும் தெரியும்.

1986-ல் ஐ.டி.ஐ. டீசல் மெக்கானிக் சர்டிபிகேட்டைப் பிளாஸ்டிக் உறையில் போட்டுக்கொண்டு செகந்தராபாத்தில் போய் இறங்கினேன். முதல் நாளே கையில் ஸ்பேனர் கொடுப்பார்கள் என்று எண்ணம். கொடுத்தது மண்வெட்டி. அந்த ஊர்ப் பாறை நிலத்தில் மார்பளவு குழி வெட்டி, அதற்குள் நின்று சுடப் பழக வேண்டும். ஸ்பேனரைக் கண்ணால் பார்க்கவே ஐந்து மாதம் ஆனது. ஒருநாள் எங்கள் உஸ்தாதிடம் (பயிற்சி கொடுப்பவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) அரைகுறை இந்தியில் கேட்டேவிட்டேன்: “நான் மெக்கானிக், எனக்கு எதுக்கு இது?” பதில் வரவில்லை, ரகடா வந்தது. அதாவது மைதானத்தில் உருளவிட்டார். பதில் பிறகு வேறு இடத்தில் கிடைத்தது.

1962 நவம்பர் 18, சீனப் போர், லடாக்கில் ரெசாங் லா கணவாய். 13 குமாவுன் பட்டாலியனின் சார்லி கம்பெனி கிட்டத்தட்ட மொத்தமும் அங்கே மடிந்தது. குளிர்காலம் கழிந்து, பனி இளகிய பிறகுதான் உடல்களைத் தேடிப் போக முடிந்தது. அவற்றில் தரம் பால் தஹியா என்ற நர்சிங் அசிஸ்டென்ட்டின் உடலும் ஒன்று. ராணுவ மருத்துவப் பிரிவிலிருந்து அந்தக் கம்பெனிக்கு அனுப்பப்பட்டவர். ஒரு கையில் ஊசி, இன்னொரு கையில் பேண்டேஜ் என்று உறைந்து கிடந்தாராம். வீர் சக்ரா கொடுத்தார்கள். குண்டு வரும்போது இவன் காலாட்படை, இவன் ஆஸ்பத்திரிக்காரன் என்று விசாரித்துவிட்டா வருகிறது?

பையனுக்கு இப்போது அடிப்படைப் பயிற்சி. அது முடிந்த பிறகுதான் டிரேடு பயிற்சி. அக்னிவீர் முதல் அணி 2023 ஜனவரியில் உள்ளே போய், ஆகஸ்டில் கசம் பரேடு (உறுதிமொழி அணிவகுப்பு) முடித்து வெளியே வந்தது. எங்கள் காலத்தில் இழுத்து இழுத்துச் செய்ததை இப்போது ஏழெட்டு மாதத்தில் திணிக்கிறார்கள், மூச்சு முட்டத்தான் செய்யும். குதிகாலில் கொப்புளம் வந்தால் உடைக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். சாக்ஸைத் தினம் துவைக்கச் சொல்லுங்கள். அவன் அழுதால் போனில் நீங்கள் அழ வேண்டாம்.

“பட்டாளத்தில் முடி வெட்டுபவருக்கும் துப்பாக்கி கொடுப்பார்களாமே?”
– ஒரு வாசகர், பெரம்பலூர்

கொடுப்பார்கள். துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டு முடி வெட்டச் சொல்ல மாட்டார்கள். ஆனால் ராத்திரி இரண்டு மணி சென்ட்ரி (காவல்) டியூட்டியில் அவர் பெயரும் இருக்கும், லங்கர்க் குக்கின் பெயரும் இருக்கும். லங்கர் என்றால் எங்கள் சமையற்கூடம். நான் பார்த்ததிலேயே குறி தவறாமல் சுட்டவர் ஒரு சலவைக்காரர். ரேஞ்சில் அவர் சுட்ட அட்டையை ஆபீசர் மடித்து எடுத்துப் போனார்.

“என் தம்பி 10-ம் வகுப்பு டிரேட்ஸ்மேன், குக். அவன் யூனிட் பீஸ் ஸ்டேஷனில் (ஃபீல்டு ஏரியா அல்லாத அமைதிப் பகுதியில்) இருக்கிறது. பயிற்சிக்காக ராஜஸ்தானில் சுட்டுப் பழகும் ஒரு ரேஞ்சுக்கு ஒரு மாதம் போனான். மணலில் கூடாரம், தண்ணீருக்குத் தட்டுப்பாடு, புயல் அடித்தால் சோற்றில் மணல். ஃபீல்டு அலவன்ஸ் வரும் என்று காத்திருந்தான், ஒரு பைசா வரவில்லை. ஏமாற்றிவிட்டார்களா?”
– ஒரு வாசகி, காட்பாடி

யாரும் ஏமாற்றவில்லை. ‘ஃபீல்டு’ என்ற ஒரே சொல்லுக்குப் பட்டாளத்தில் இரண்டு பொருள். குழப்பம் அங்கேதான்.

உங்கள் தம்பி போனது ஃபீல்டு பயிற்சிக்கு. பீரங்கியும் டாங்கியும் சுட்டுப் பழகும் இடத்தில் சமைத்துப் போட்டான். ஆனால் ஃபீல்டு ஏரியா அலவன்ஸ் என்பது இடத்துக்குக் கொடுக்கும் காசு, படும் பாட்டுக்குக் கொடுக்கும் காசு இல்லை. எந்த மாவட்டம், எந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் ‘ஃபீல்டு ஏரியா’, எது ‘மாடிஃபைடு ஃபீல்டு’ என்று அரசு உத்தரவு போட்டு வைத்திருக்கிறது. அந்தக் கோட்டுக்குள் போஸ்டிங் வந்தால், கிளார்க் அறையில் ஹீட்டர் போட்டு உட்கார்ந்திருந்தாலும் படி உண்டு. கோட்டுக்கு வெளியே பீஸ் யூனிட்காரன் ஒரு மாதம் மணல் தின்றாலும் அந்தப் படி கிடையாது. எனக்கே இது நியாயமாகப் படவில்லை. நாற்பது டிகிரி வெயிலில் அடுப்படியில் நிற்பவனுக்கு ஏதாவது தரலாம். ஆனால் விதி அப்படித்தான் இருக்கிறது. தம்பி யார் மீதும் கோபப்பட்டுப் பெட்டிஷன் எழுத வேண்டாம் என்று சொல்லுங்கள்.

“சரி, ஃபீல்டு போஸ்டிங் வந்தால் எவ்வளவு கிடைக்கும்? சமையல்காரருக்குக் குறைவாகவும் காலாட்படைக்காரருக்கு அதிகமாகவும் தருவார்களா? அக்னிவீருக்கு உண்டா?”
– ஒரு வாசகர், கம்பம்

டிரேடு பார்த்துப் பிரிப்பதில்லை. ஒரே போஸ்டில் இருக்கும் குக்குக்கும் எல்.எம்.ஜி. (இலகு இயந்திரத் துப்பாக்கி) பிடிப்பவனுக்கும் ஒரே படிதான். பிரிப்பது சம்பள லெவலை வைத்து: லெவல் 8 வரை ஒரு தொகை, 9 முதல் மேலே ஒரு தொகை. சிப்பாய் முதல் சுபேதார் மேஜர் வரை 8-க்குள் அடங்கிவிடுவோம். அதற்கு மேல் ஆபீசர்கள்.

ஏழாவது சம்பளக் கமிஷனுக்குப் பிறகு 2017 ஜூலை 1 முதல் எல்லாவற்றையும் ஒரு கட்டத்துக்குள் அடைத்தார்கள். ஆபத்து ஒரு பக்கம் மூன்று நிலை, கஷ்டம் ஒரு பக்கம் மூன்று நிலை, குறுக்கும் நெடுக்குமாக ஒன்பது பெட்டி. அந்த ஒன்பதுக்கும் மேலே தனிப்பெட்டி சியாச்சினுக்கு. சியாச்சினில் எங்கள் ஆட்களுக்கு மாதம் 30,000, ஆபீசருக்கு 42,500 என்று வைத்தார்கள். அதற்கு முன்னால் அது 14,000-மும் 21,000-மும். ஃபீல்டு ஏரியா படிகள் 6,000 முதல் 16,900 வரை, உயரமான மலைப் பகுதிப் படிகள் 3,400 முதல் 25,000 வரை. இந்த மேல் எண்கள் ஆபீசர்களுக்கு உரியவை, அதைப் பார்த்து நாக்கைத் தொங்கப் போட வேண்டாம். இவை 2017 எண்கள். அகவிலைப்படி 50 சதவீதத்தைத் தொட்டால் இந்தப் படிகள் 25 சதவீதம் ஏறும் என்பது விதி. 2024 ஜனவரியில் 50-ஐத் தொட்டது.

அக்னிவீருக்கும் இந்த ஆபத்து–கஷ்டப் படி உண்டு. இல்லாதது மிலிட்டரி சர்வீஸ் பேயும் அகவிலைப்படியும். ரெகுலர் சிப்பாய்க்கு சர்வீஸ் பே மட்டும் மாதம் 5,200. அக்னிவீருக்கு முதல் வருடம் 30,000 என்பார்கள், கைக்கு வருவது 21,000. மீதி 9,000 சேவா நிதி என்ற சேமிப்புக்குப் போகும், அதே அளவு அரசும் போடும். நாலாவது வருடம் 40,000, கைக்கு 28,000. வெளியே வரும்போது வட்டியோடு சுமார் 11.71 லட்சம். பெண் பார்க்கப் போகும்போது நாற்பதாயிரம் என்று சொல்லிவிட்டு, கல்யாணத்துக்குப் பிறகு இருபத்தெட்டாயிரம் என்று உடைக்காதீர்கள்.

“நான் ஆட்டோமொபைல் டிப்ளமோ. அதற்குத் தனியாக ஏதாவது தருவார்களா?”
– ஒரு மாணவர், நாமக்கல்

ரெகுலர் ஆட்களில் எக்ஸ் குரூப், ஒய் குரூப் என்று டிரேடுகள் பிரிந்திருக்கும். எக்ஸ் குரூப்பில் (தொழில்நுட்ப டிரேடுகள்) இருந்து, ஏ.ஐ.சி.டி.ஈ. (தொழில்நுட்பக் கல்விக் குழு) அங்கீகாரம் பெற்ற டிப்ளமோவும் இருந்தால் மாதம் 6,200 எக்ஸ் பே. டிப்ளமோ இல்லாத எக்ஸ் குரூப்காரருக்கு 3,600. அக்னிவீர் சம்பளம் தனிக் கணக்கு, அதில் இந்தப் பேச்சு இல்லை. எதற்கும் சர்டிபிகேட்டில் பெயரும் ஆதாரில் பெயரும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். இனிஷியல் முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதற்காக ஆள்சேர்ப்பு ரேலி வாசலில் நின்று அழுத பையன்களைப் பார்த்திருக்கிறேன்.

“என் கணவர் ஃபீல்டு ஏரியாவுக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. படி இன்னும் ஏறவில்லை. ‘வரும், வரும்’ என்கிறார். எங்கே கேட்பது?”
– ஒரு வாசகி, சிவகாசி

நீங்கள் எங்கேயும் கேட்க வேண்டாம். அவரைக் கேட்கச் சொல்லுங்கள், அதுவும் இந்த வார்த்தையில்: “என் பார்ட் டூ ஆர்டர் போட்டாச்சா?”

ஒரு ஜவான் ஃபீல்டு ஏரியாவுக்குள் கால் வைத்த தேதியை யூனிட் கிளார்க் பார்ட் டூ ஆர்டரில் எழுதி வெளியிட வேண்டும். அது கணக்கு அலுவலகத்துக்குப் போக வேண்டும். அங்கே பதிந்தால்தான் காசு. அவர் பனியில் நிற்பது கணக்கு ஆபீசுக்கு எப்படித் தெரியும்? காகிதம் சொன்னால் தெரியும்.

நான் முதல்முறை லடாக் போனபோது எட்டு மாதம் படி இல்லாமல் இருந்தேன், அதுவும் தெரியாமலே! பக்கத்துக் கட்டில்காரன் தன் கணக்குச் சீட்டை விரித்துப் பார்த்துக்கொண்டிருந்தான். என் சீட்டில் இல்லாத ஒரு வரி அவன் சீட்டில் இருந்தது. ஆபீசுக்கு ஓடினால், என் ஆர்டர் தட்டச்சாகி, கையெழுத்தாகி, டிராயரில் ஒரு மணியார்டர் ரசீதுக் கட்டுக்கு அடியில் படுத்திருந்தது. கிளார்க் நல்ல மனிதர்தான், லீவுக்குப் போகும் அவசரம். அரியர்ஸ் மொத்தமாக வந்தது. அந்த எட்டு மாதமும் ஊரில் என் மனைவி கடன் வாங்கிச் சமாளித்த கதை தனி. அதை அவள் இன்றுவரை சபையில் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

பார்ட் டூ ஆர்டர் எண்ணையும் தேதியையும் அவர் ஒரு டைரியில் குறித்துக்கொள்ளட்டும். திரும்பிப் பீஸுக்கு வரும்போதும் ஆர்டர் போட்டார்களா என்று பார்க்கட்டும். போடாவிட்டால் படி தொடர்ந்து ஏறிக்கொண்டே இருக்கும், பிறகு ஒரே அடியாகப் பிடிப்பார்கள். அது இதைவிடக் கொடுமை.

“ஃபீல்டு அலவன்ஸுக்கு வருமான வரி உண்டா?”
– ஒரு வாசகர், தூத்துக்குடி

பழைய வரி முறையில் கொஞ்சம் விலக்கு உண்டு. மாதத்துக்கு ஃபீல்டு ஏரியாவுக்கு 2,600, மிகத் தீவிர ஃபீல்டு ஏரியாவுக்கு 4,200, உயரப் படிக்கு 9,000 அடி முதல் 15,000 அடி வரை 1,060, அதற்கு மேல் 1,600. படி ஏறிவிட்டது, விலக்கு மட்டும் அந்தக் காலத்திலேயே நிற்கிறது. புதிய முறையைத் தேர்ந்தெடுத்தால் இதுவும் கிடையாது.

“அண்ணன் வண்டி மெக்கானிக். இந்தக் குளிர்காலத்தில் லடாக்கில் உள்ள லேவுக்குப் போகிறார். அங்கே மெக்கானிக்குக்கு அப்படி என்ன வேலை? போருக்கா போகிறார்?”
– ஒரு தங்கை, அருப்புக்கோட்டை

காலை ஐந்து மணிக்கு வண்டியைக் கிளப்புவதே அங்கே ஒரு போர்தான், தங்கச்சி.

எங்களிடம் சக்திமான் லாரிகள் இருந்தன. ராத்திரி மைனஸ் இருபதுக்குக் கீழே போகும். டீசல் அந்தக் குளிரில் மெழுகு கட்டி, ஃபில்டரில் வெள்ளைத் தயிர் மாதிரி அடைத்துக்கொள்ளும். முந்தின சாயங்காலமே அளவு பார்த்து மண்ணெண்ணெய் கலப்போம். பேட்டரியைக் கழற்றி, குழந்தை மாதிரி தூக்கிக்கொண்டு வந்து பங்கருக்குள் புகாரிக்குப் பக்கத்தில் வைப்போம். புகாரி என்றால் மண்ணெண்ணெய் அடுப்பு, அறையைச் சூடாக்க. காலையில் ஒரு தகரத்தில் தீயை எடுத்துக்கொண்டு போய் இன்ஜின் சம்புக்கு (ஆயில் தொட்டிக்கு) அடியில் பிடிப்போம். உள்ளே ஆயில் வெல்லப்பாகு மாதிரி இறுகியிருக்கும். அது இளகும் வரை லாரிக்கு அடியில் மல்லாந்து படுத்திருக்க வேண்டும். கையுறையோடு சின்ன நட்டைத் திருக முடியாது, கையுறையைக் கழற்றினால் ஸ்பேனர் தோலோடு ஒட்டிக்கொள்ளும். வலது ஆள்காட்டி விரல் நுனியில் எனக்கு இன்னும் உணர்ச்சி கம்மி. போனில் கைரேகை கேட்டால் மூன்று தடவை வைக்கிறேன்.

2019 நவம்பரில் இந்தியன் ஆயில் லடாக்குக்கென்று குளிர்கால டீசல் கொண்டுவந்தது. மைனஸ் 33 வரை உறையாது என்கிறார்கள். உங்கள் அண்ணன் கொடுத்துவைத்தவர்.

ஈ.எம்.ஈ. என்ற பிரிவே 1943 அக்டோபர் 15-ல், உலகப்போர் நடுவில் பிறந்தது. வண்டியும் ரேடியோவும் பீரங்கியும் பெருகிப் போனதால், அவற்றைப் பழுது பார்க்கத் தனி ஆள் தேவைப்பட்டது. இரண்டு மூன்று பேர் கொண்ட சின்னக் குழு, ஒரு பெட்டி சாமான், பழுதான வண்டி நிற்கும் இடத்துக்கே போவார்கள். உங்கள் அண்ணனும் அப்படிப் போவார்.

நான் கவலைப்படுவது வேறு ஒன்றுக்காக. மேலே போனவுடன் துள்ளக் கூடாது. 9,000 முதல் 12,000 அடி வரை ஆறு நாள், அடுத்த 15,000 வரை நான்கு நாள், அதற்கும் மேலே இன்னும் நான்கு நாள் என்று உடம்பைப் பழக்கித்தான் ஏற்றுவார்கள். முதல் இரண்டு நாள் சும்மா இரு என்று சொல்வார்கள். நம் பிள்ளைகளுக்குச் சும்மா இருப்பதுதான் வராது. எங்கள் யூனிட்டுக்கு வந்த ஒரு டிரைவர், கால்பந்து வீரர், இரண்டாம் நாளே பெட்ரோல் பேரல் உருட்ட உதவினார். ராத்திரி இருமல், விடியும்போது நெஞ்சில் குமிழி கொதிக்கிற மாதிரி சத்தம். நுரையீரலில் நீர். ஆக்சிஜன் கொடுத்துக் கீழே இறக்கினார்கள், பிழைத்தார். தலைவலி, மூச்சு வாங்கினால் வெட்கப்படாமல் உடனே நர்சிங் அசிஸ்டென்ட்டிடம் சொல்லச் சொல்லுங்கள். இன்னொன்று, புகாரியைப் போட்டுக்கொண்டு ஜன்னலை முழுதாக அடைத்துவிட்டுத் தூங்கக் கூடாது. குளிரில் தப்பித்தவர்களைப் புகை கொன்றிருக்கிறது.

“என் மகன் உயரமான போஸ்டில் குக். அரிசி வேகவே மாட்டேன் என்கிறது, பசங்க திட்டுகிறார்கள் என்கிறான். சமையலில் ஏதாவது தப்பா? சாம்பார்ப்பொடி அனுப்பலாமா?”
– ஒரு தாய், திண்டிவனம்

அவன் மேல் தப்பில்லை. 10,000 அடியில் தண்ணீர் சுமார் 90 டிகிரியிலேயே கொதித்துவிடும், 15,000 அடியில் 85-ஐ ஒட்டி. எவ்வளவு நேரம் கொதித்தாலும் அதற்கு மேல் சூடு ஏறாது. திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு ராத்திரி வரை கல்லாகவே கிடக்கும். குக்கர் இல்லாமல் அங்கே சோறு இல்லை. பெரிய லங்கரில் பெரிய குக்கர்கள் இருக்கும். ஐந்தாறு பேர் இருக்கும் சின்ன போஸ்டில் ஒரே குக்கர்தான், அதன் ரப்பர் குளிரில் விறைத்து, வெடித்து, ஓரத்தில் ஆவியை விடும். அங்கே கடை கிடையாது. எங்கள் குக் சைக்கிள் டியூபை வெட்டி வைத்துப் பார்த்தார், ஒரு வாரம் சோற்றில் ரப்பர் வாசம்.

சாம்பார்ப்பொடி அனுப்புங்கள், புளியும் அனுப்புங்கள். குக்கர் எத்தனை லிட்டர், என்ன கம்பெனி என்று கேட்டுக்கொண்டு, கேஸ்கெட் (அந்த ரப்பர் வளையம்) இரண்டு வாங்கி அந்தப் பொட்டலத்துக்குள்ளேயே வைத்துவிடுங்கள்.